எயிட்ஸ் நோயாளியின் கட்டிலுக்கு யார் காசு கொடுப்பது? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் கோட்டையில் இறங்கிவிடலாம். எச்.ஐ.வி தொற்றுடன் வாழும் ஒருவருக்கு, நடமாடும் வரை இது பெரிய தூரமல்ல. மாவட்டத்திலேயே பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்க, தெரிந்த முகம் கண்டுவிடுமோ என்று பயந்து வெளி மாவட்டத்துக்குப் போய் மருந்து எடுப்பவர்களும் உண்டு. படுக்கையில் விழுந்த பிறகுதான் தூரம் தூரமாகிறது. அவரை யார் பார்ப்பது? அதற்கான செலவு யாருடையது?

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987 இல். 2004 இலிருந்து அரச சிகிச்சை நிலையங்களில் வைரஸ் கட்டுப்பாட்டு மருந்துகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்கு வழங்கியது. சின்ன நாடொன்றுக்கு இது சாதாரண விடயமல்ல. பரிசோதனைக்கும் மருந்துக்கும் அரசாங்கம் செலவழிக்கிறது. அந்தச் செலவு நிற்கும் இடத்தில்தான் பராமரிப்பு என்ற வேறொரு வேலை தொடங்குகிறது.

ஒழுங்காக மருந்து எடுப்பவர் ஏறக்குறைய எல்லோரையும் போலவே வாழலாம். அவருக்குப் பராமரிப்பு இல்லம் தேவையில்லை. நோய் முற்றிய நிலையில் முதன்முதலாகக் கண்டறியப்படுபவரின் நிலை வேறு. மூளைக்காய்ச்சல், மூளையைத் தாக்கும் டொக்சோபிளாஸ்மோசிஸ், கடுமையான காசநோய் என்று வந்தால் உயிர் தப்பினாலும் கை கால் விழுந்துவிடலாம், பார்வை போகலாம், நினைவு தடுமாறலாம். மருந்தின் உதவியால் முதுமை வரை வந்துவிட்டவர்கள் இன்னொரு கூட்டம். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய அவர்களுக்கு, மற்ற முதியவர்களுக்கு வரும் பக்கவாதமும் நீரிழிவும் வரத்தான் செய்யும்.

துறைமுகத்தை அண்டிய ஒரு கிராமத்தில் தனித்து வாழும் கடற்றொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போகிறார், தொற்று தெரியவருகிறது, சில வாரங்களில் உயிராபத்து நீங்குகிறது, ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை. வைத்தியசாலைக் கட்டில் சிகிச்சைக்கானது. துண்டு வெட்டி அனுப்பத்தான் வேண்டும். எங்கே அனுப்புவது?

முதியோர் இல்லம் என்றால், தன் வேலையைத் தானே செய்யக்கூடியவராக இருக்கவேண்டும், தொற்றுநோய் இல்லை என்ற வைத்தியச் சான்றிதழ் வேண்டும் என்பதே இல்லங்கள் பலவற்றின் வழக்கம். குளிக்க வார்ப்பதாலோ உணவு ஊட்டுவதாலோ எச்.ஐ.வி தொற்றாது. மருந்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவின் மூலமும் பரவுவதில்லை. காயத்தைத் துடைக்கும்போது கையுறை போடுவது எல்லா நோயாளருக்கும் பொதுவான நடைமுறை. என்றாலும் படிவத்தில் உள்ள 'தொற்றுநோய்' என்ற ஒரு சொல் கதவை மூடப் போதுமானது.

உதவிப்பணம் இன்னும் சிக்கலானது. அஸ்வெசும திட்டத்தின் கீழ் சிறுநீரக நோயாளர், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஆகியோருக்குக் கொடுப்பனவு உண்டு. எச்.ஐ.வி தொற்றாளர் என்று தனிப் பிரிவு இல்லை. இருந்தாலும் யார் போய்க் கேட்பார்கள்? சிறுநீரக நோயாளி தன் நோயைக் கிராம உத்தியோகத்தரிடம் வெட்கமின்றிச் சொல்லலாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் இதைச் சொன்னால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளி என்ற பிரிவில் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. நோயின் பெயரைச் சொல்லாமலே பணம் பெறக்கூடிய வழி அது ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

அயலில் தமிழ்நாடு வேறு வழியில் போனது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928 இல் காசநோயாளருக்காகத் தொடங்கப்பட்ட சானட்டோரியம் பின்னர் அரசின் கைக்கு வந்தது. 1993 முதல் அங்கு எச்.ஐ.வி நோயாளர் சேர்க்கப்பட்டனர். வேறு வைத்தியசாலைகள் திருப்பி அனுப்பிய காலத்தில், அரசுச் செலவில் கட்டிலும் சாப்பாடும் கொடுத்த இடம் அது. இந்தியாவில் இலவச வைரஸ் கட்டுப்பாட்டு மருந்து 2004 ஏப்ரல் 1 இல் தொடங்கியபோது முதல் எட்டு நிலையங்களில் தாம்பரமும் ஒன்று. 2007 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், பத்துக் கட்டில் அளவிலான சமூகப் பராமரிப்பு மையங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. உலகளாவிய நிதியத்தின் பணம் அதற்குப் பெருமளவு உதவியது. 2013 அளவில் அந்த மையங்கள் கைவிடப்பட்டு, கட்டில் இல்லாத ஆதரவு மையங்கள் வந்தன. மருந்தால் மரணம் குறைந்தது என்பது நியாயமான காரணம். ஆனால் போக்கிடமில்லாத சிலருக்குக் கட்டிலும் அத்தோடு போயிற்று. வெளிப்பணத்தில் எழும் சேவைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

எமது உறவுகள் நிறைந்த ரொறன்ரோவில், எழுத்தாளர் ஜூன் கால்வுட்டின் முயற்சியால் 1988 இல் கேசி ஹவுஸ் திறக்கப்பட்டது. இறக்கும் தறுவாயில் இருந்தோருக்கான இல்லமாக ஆரம்பித்து, இன்று ஒன்ராறியோ மாகாண நிதி பெறும் வைத்தியசாலையாக இயங்குகிறது. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லச் செலவைப் பெரும்பாலும் மெடிக்கெய்ட் ஏற்கிறது. இல்லத்துக்குப் போகாமல் வீட்டிலேயே பராமரிப்புப் பெற, மாநிலங்கள் அந்த நிதியின் விதிகளைத் தளர்த்திப் பயன்படுத்தின. வீட்டுக்கு ஒரு தாதியை அனுப்புவது கட்டிலைவிட மலிவு என்பதை எயிட்ஸ் காலம் அங்கே கணக்காகவே காட்டியது.

இலங்கையில் வயது வந்தோரிடையே தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. திருகோணமலையில் எயிட்ஸுக்கென்று தனி இல்லம் கட்டுவது வீண். பெயர்ப்பலகை ஒன்றே போதும், யாரும் உள்ளே வரமாட்டார்கள். மாவட்ட வைத்தியசாலையில் நீண்டகாலப் பராமரிப்புக்கென எந்த நோயாளியும் பயன்படுத்தக்கூடிய சில கட்டில்கள், முதியோர் இல்லப் படிவத்தில் ஒரு திருத்தம், வீடு தேடி வரும் ஒரு சுகாதாரத் தாதி. புற்றுநோயாளருக்கும் பக்கவாத நோயாளருக்கும் இதே தேவைதான். தேசிய அளவில் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான மூலோபாயச் சட்டகம் 2019–2023 காலத்துக்கு எழுதப்பட்டது. அதை மாவட்டத்தில் நடத்தப் பணம் ஒதுக்கவேண்டியவற்றுள் மாகாண நிர்வாகமும் ஒன்று. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. சபையில் எழுந்து கேள்வி கேட்க ஒரு உறுப்பினர்கூட இல்லை.

இதற்கிடையில் 1990 இலவச அம்புலன்ஸ் அவசர நோயாளியை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு ஏற்றிப் போகும். துண்டு வெட்டியபின் எழும்ப முடியாதவரை வீட்டுக்குக் கொண்டுபோக, ஓட்டோவை அவரேதான் பிடிக்கவேண்டும்.