முள் சொல்லும் பொய் - பழைய கார்களின் வேகமானி வரலாறு

கார் ஓட்டும் ஒவ்வொருவரும் நம்பும் ஒரு சாட்சி வேகமானி. ஸ்பீடோமீட்டர் என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும். அதன் முள் 60ஐக் காட்டினால் 60 என்றே நம்புகிறோம். ஆனால் முப்பது, நாற்பது வருடம் ஓடிய ஒரு அம்பாசிடரிலோ பிரீமியர் பத்மினியிலோ அந்த முள் உண்மையைத்தான் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் தவறு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடை தெரிய வேண்டுமானால் இந்தக் கருவி பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகத்தை அளக்கும் ஆசை

மோட்டார் வாகனங்கள் வந்த புதிதில் அவற்றில் வேகமானி கிடையாது. ஓட்டுபவர் காற்றையும் என்ஜின் சத்தத்தையும் வைத்து ஊகித்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு வந்த மோட்டார் கார் சட்டம் மணிக்கு 20 மைல் என்று எல்லை வகுத்தது. சட்டம் எண்ணில் பேச ஆரம்பித்ததும் ஓட்டுபவருக்கும் எண் தேவைப்பட்டது.

அதற்கு முன்பே முயற்சிகள் இருந்தன. இன்றைய குரோஷியப் பகுதியைச் சேர்ந்த ஜோசிப் பெலுசிச் 1888இல் மின்சாரத்தால் இயங்கும் ஒரு வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பின்னாளில் உலகம் முழுவதும் கார்களில் இடம்பிடித்தது ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸ் 1902இல் காப்புரிமை பெற்ற சுழல் மின்னோட்ட வேகமானிதான். அந்த அமைப்பு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது என்றால் அதன் எளிமையை யோசித்துப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அது சுழலும்போது, எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த ஒரு கேபிளும் சுழலும். அந்தக் கேபிள் ஒரு குழாய்க்குள்ளேயே ஓடி டேஷ்போர்டுக்கு வந்து சேர்கிறது. அங்கே அதன் நுனியில் ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல், அதை மூடினாற்போல ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. முள் பொருத்தியிருப்பது இந்தக் கிண்ணத்தில்தான்.

அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது அல்லவா? பிறகு கிண்ணம் எப்படித் திரும்புகிறது? காந்தம் சுழலும்போது கிண்ணத்துக்குள் மின்னோட்டம் சுழித்து ஓடுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குவதால் கிண்ணம் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கிறது. கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. காந்தத்தின் இழுப்பும் வில்லின் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும், முள் மேலே போகும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் வேறு வகை. அவை அதே கேபிளிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக நேரடியாகச் சுற்றப்படுகின்றன. அதில் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது கண்டுபிடிப்பதன் சாவியே இதுதான்.

மைலா, கிலோமீட்டரா?

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1956இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து இறங்கிய மோரிஸ், ஆஸ்டின் போன்ற கார்களின் முகப்பில் இருந்தது மைல் கணக்கு. சாலையோரக் கல் கிலோமீட்டருக்கு மாறியது, காரின் முகப்பு மாறவில்லை. முள் 40ஐக் காட்டினால் உண்மையில் கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போகிறது. முள் 60ஐத் தொட்டால் அது கிட்டத்தட்ட 97 கி.மீ.! பழைய காரை வாங்கியவர் "மீட்டர் குறைத்துக் காட்டுகிறது" என்று சொன்னால், முதலில் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது நல்லது.

பின்னர் மீட்டர்கள் நம் மாநிலத்திலேயே தயாராகத் தொடங்கின. கோயம்புத்தூரில் 1975இல் தொடங்கப்பட்ட பிரிக்கால் நிறுவனம் வாகன மீட்டர்களுக்குப் பெயர் பெற்றது. 1983 இறுதியில் வந்த மாருதி 800இன் தொடக்க மாடல்களில்கூட கேபிள் மீட்டர்தான்.

பெரம்பலூர் சாலை ஒரு பரிசோதனைக் கூடம்

வேகமானியைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைக்கடிகாரமும் கிலோமீட்டர் கற்களும் போதும். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரை ஒட்டிய பகுதி இதற்கு நல்ல இடம். பெரும்பாலும் நேரான, சமமான சாலை. தலையில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் தேசிய நெடுஞ்சாலையின் அடையாளம்.

ஓட்டுபவர் முள்ளை 60இல் நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நேரம் பார்க்க வேண்டும். ஓட்டுபவரே கடிகாரம் பார்க்கக் கூடாது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 வினாடி ஆனால் வேகம் சரியாக 60. கணக்கு சுலபம்: 3600ஐ வினாடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 72 வினாடி என்றால் 50. 50 வினாடி என்றால் 72. கல் நட்ட இடம் சற்று முன்பின்னாக இருக்கலாம் என்பதால் ஐந்து கற்களுக்கு அளந்து சராசரி எடுப்பது நல்லது.

அதே ஓட்டத்தில் பத்துக் கற்களுக்குத் தூர எண்களையும் குறித்துக்கொண்டால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது.

1. முள்ளும் அசையவில்லை, தூர எண்ணும் ஓடவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், கழன்றிருக்கும், அல்லது கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

2. தூர எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது. கோளாறு மீட்டருக்குள்.

3. பத்துக் கல்லுக்குத் தூரம் சரியாக 10 கி.மீ. காட்டுகிறது, வேகம் மட்டும் தவறு என்றால் காந்தமோ வில்லோ காரணம். வயதில் காந்தம் பலம் இழந்தால் முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும்.

4. தூரம் 10.5 என்றும், உண்மையான 60இல் முள் 63 என்றும் காட்டினால், இரண்டும் ஒரே அளவில் தவறு. மீட்டர் நிரபராதி! பழைய அளவைவிடச் சிறிய டயர் மாட்டியிருப்பார்கள். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும்.

5. முள் ஊசலாடுகிறது, கூடவே கிரீச் சத்தம் வருகிறது என்றால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கும்.

அரியலூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளுக்குக் கடைசிக் காரணம் பழக்கமானதாகவே இருக்கும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த மாவட்டம் அது. குழாயில் விரிசல் இருந்தால் வெள்ளைத் தூசி உள்ளே போய் கிரீஸோடு கலந்து, தேய்க்கும் பசையாகிவிடும். கேபிளை உருவித் துடைத்து, கீழ்ப்பகுதியில் மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட வேண்டும். "எண்ணெய்தானே" என்று தாராளமாக ஊற்றினால், சுழலும் கேபிள் வழியே அது மேலேறி அலுமினியக் கிண்ணத்தை ஒட்ட வைத்துவிடும். சின்னப் பழுதைப் பெரிய பழுதாக்கும் வழி இது.

எண்கள் சொல்லும் இன்னொரு பொய்

பழைய கார் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடிய தூரத்தை. ஆனால் ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். கேபிள் அறுந்து இரண்டு வருடம் ஓடிய காரில் எண் அப்படியே நின்றிருக்கும், அதில் யாருடைய ஏமாற்றும் இல்லை. வேண்டுமென்றே எண்ணைக் குறைப்பவர்களும் உண்டு. எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் கோணியிருந்தாலோ, 30,000 காட்டும் காரில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை?

முள் 60 என்கிறது, கற்களோ 72 என்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 கி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் பிரேக் பிடித்த பின் கார் ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது 44 சதவீதம் அதிகம். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் ஒருவருக்கு அந்த 44 சதவீதம்தான் உயிர். ஐரோப்பிய விதிகளில் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று எழுதி வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. கொஞ்சம் கூட்டிக் காட்டினால் மன்னிக்கலாம், குறைத்துக் காட்டினால் மன்னிக்க முடியாது.

இன்றைய கார்களில் கேபிள் இல்லை. சக்கரத்தின் சுற்றை உணரி எண்ணுகிறது, கணினி காட்டுகிறது. கைபேசியில் உள்ள ஜிபிஎஸ் வேகத்தை உடனே சொல்லிவிடும். 2014இல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் கார்கள் இன்னும் சில வீடுகளில் தாத்தாவின் நினைவாக நிற்கின்றன, திருமணத்துக்கும் கோயிலுக்கும் போய் வருகின்றன. அவற்றின் முள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, சாலையோரக் கல்லிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு வில்லும் இல்லை, காந்தமும் இல்லை. பொய் சொல்லத் தெரியாது.