மழைக்காட்டின் முதல் மாந்தர்

காட்டில் வாழ்வோரைக் 'காட்டுமிராண்டி' என்பது நம் நாவுக்குப் பழகிப்போன வசை. அறிவும் கலையும் வயல்வெளியிலும் நகரத்திலுமே பிறந்தன என்னும் எண்ணம் அச்சொல்லினுள் ஒளிந்திருக்கிறது. அது எத்துணைப் பிழையானது என்பதற்கு, அண்டைத் தீவாகிய இலங்கையின் மண்ணே சான்று பகர்கிறது.

அடர்ந்த மழைக்காடு ஆதி மனிதரின் வாழ்வுக்கு ஏற்றதன்று என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். பெருவிலங்குகள் அங்கே அரிது. மரவுச்சியில் தாவித் திரிபவற்றைப் பிடிப்பதோ கடினம். இக்கருத்தை மாற்றியவை இலங்கையின் தென்மேற்குக் குகைகள். களுத்துறை மாவட்டத்தில் சீனத் துறவி பாகியானின் பெயரால் வழங்கும் பாகியன்கலக் குகை அவற்றுள் தலையாயது. தொல்லியலறிஞர் சிரான் தெரணியகல முதலியோர் இத்தகைய குகைகளை அகழ்ந்து, நுண்கற்கருவிகளையும் மனித எலும்புகளையும் வெளிக்கொணர்ந்தனர்.

பாகியன்கலவில் மனித வாழ்வின் தடயங்கள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழமையானவை. அங்கு உண்டு எறியப்பட்ட எலும்புகளுள் பெரும்பாலானவை குரங்குகளுக்கும் அணில்களுக்கும் உரியவை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றை வீழ்த்தியது எப்படி? சுமார் 130 எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுள் பல அம்பு முனைகளே என 2020இல் அறிவித்தனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அறியப்பட்ட மிகப் பழைய வில்லம்புச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. கடற்சிப்பியில் செய்த மணிகளும் காவிக்கல்லும் அங்கே கிடைத்தன. உள்நாட்டுக் குகைவாசிக்குக் கடற்கரையோடு உறவு இருந்தது. அணி பூணும் ஆசையும் இருந்தது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. அவர்கள் பெரும்பாலும் வளர்ந்த விலங்குகளையே வேட்டையாடினர். பல்லாயிரம் ஆண்டுகள் அதே காட்டில் உண்டு வாழ்ந்தும், அக்குரங்கினங்கள் அற்றுப்போகவில்லை. நாமோ ஒரு தலைமுறைக்குள் ஒரு மலையையே மொட்டையாக்க வல்லவர்கள்!

அன்று இலங்கை முற்றிலும் தனித்த தீவுமன்று. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் அது நம் நிலத்தோடு இணைந்திருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலிலும் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. ஆகவே இது அயலார் கதையன்று.

கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கிவரும் மலைமக்களை, வயது நோக்காமல் ஒருமையில் விளிப்போர் நம்மிடையே உண்டு. உழுது பயிரிடும் அம்மக்கள் வேறு, அக்குகைவாசிகள் வேறு. எனினும், இருவரையும் 'நாகரிகம் அறியாதவர்' என்று ஒதுக்கும் செருக்கு ஒன்றே. காட்டை அறிந்து, அதை அழிக்காமல் வாழ்வது அறியாமையன்று; மனிதன் முயன்று கற்ற முதுபெரும் கல்வி அது. அக்கல்வியை உடையோரிடம் பேசும்போது, நம் நாவிலேனும் சிறிது பணிவு இருக்கட்டும்.