படுக்கையே மருந்தாக இருந்த காலம்

1940-களில் லண்டனிலோ பாஸ்டனிலோ மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு முதல் மருந்து படுக்கைதான். நான்கு முதல் ஆறு வாரம் அவர் படுத்தே கிடக்க வேண்டும். தானாகப் புரளக் கூடாது. சாப்பாட்டை நர்ஸ் ஊட்டிவிடுவார், முகச்சவரத்தை வேறொருவர் செய்துவிடுவார், மலஜலம் கழிப்பதும் படுக்கையிலேயே. குழந்தை பெற்ற பெண்ணுக்குப் பத்துப் பதினைந்து நாள், குடலிறக்க அறுவை செய்துகொண்டவருக்கு இரண்டு மூன்று வாரம், காசநோயாளிக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு படுக்கைக் கெடு இருந்தது. மருத்துவ உலகின் மேதைகள் பெரும்பாலோர் ஏற்ற இந்த வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. பலனைக் கண்டதால் அது நீடித்தது என்று சொல்ல முடியாது. படுக்கை உண்டாக்கிய பலவீனத்தை எல்லாரும் நோயின் பலவீனம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அதைக் காப்பாற்றியது. அது உடைந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான், உடற்பயிற்சியும் பிசியோதெரபியும் சிகிச்சைக்குப் பின்னால் வரும் உபசாரம் அல்ல, சிகிச்சையின் ஓர் அங்கம் என்பது விளங்கும்.

ஓய்வை ஒரு கோட்பாடாக்கியவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன். 1860-இல் தொடங்கி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1863-இல் நூலாயின. வலி என்பது உடல் ஓய்வு கேட்கும் குரல், ஓய்வு கொடுத்தால் இயற்கை தானே குணப்படுத்தும் என்பது அவர் வாதம். லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் அதையே எலும்பு மருத்துவத்தில் கடைப்பிடித்தார். அவர் வடிவமைத்த கால்கட்டுச் சட்டம் முதல் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்த வீரர்களின் சாவைப் பெருமளவு குறைத்தது. ஆகவே ஓய்வுக்கு ஆதாரமே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. முறிந்த எலும்பு அசையாமல் இருக்கத்தான் வேண்டும். பிழை அதற்கு அடுத்த படியில் நடந்தது. முறிந்த காலுக்கு ஓய்வு தேவை என்ற உண்மை, காலின் சொந்தக்காரர் முழுவதுமே படுத்துக் கிடக்க வேண்டும் என்ற விதியாக நீண்டது. எலும்புக்குச் சொன்னதை இதயத்துக்கும் நுரையீரலுக்கும், அங்கிருந்து மனத்துக்கும் கொண்டுபோனார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வெயர் மிட்செல் மனச்சோர்வுற்ற பெண்களை வாரக்கணக்கில் படுக்கவைத்து, படிக்கவும் எழுதவும் தடை போட்ட சிகிச்சை 1870-களில் பெரும் புகழ் பெற்றது. இதயத்துக்கு ஆறு வாரம் என்ற கணக்குக்கும் ஒரு காரணம் காட்டினார்கள். மாரடைப்பில் செத்த தசைப்பகுதி தழும்பாக மாற ஏறத்தாழ அத்தனை காலம் பிடிக்கிறது என்று பிரேதப் பரிசோதனைகள் காட்டின. தழும்பு இறுகுமுன் எழுந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள்.

மூன்று வாரம் படுத்திருந்தவரின் உடலில் நடப்பது இதுதான். நிற்கும்போது கால்களில் தங்கும் ரத்தம், படுத்ததும் நெஞ்சுக்குத் திரும்புகிறது. உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகங்கள் அதை வெளியேற்றுகின்றன. சில நாட்களிலேயே ரத்தத்தின் கொள்ளளவு குறைகிறது. பாரம் சுமக்காத எலும்பு சுண்ணாம்புச்சத்தை இழக்கிறது, வேலையில்லாத தொடைத்தசை சுருங்குகிறது, ஓட்டம் மந்தப்பட்ட கால் நாளங்களில் ரத்தம் உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் அடைத்தால் உயிர் போகும். இந்த நிலையில் ஒருவரை எழுப்பி நிறுத்தினால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும். பார்க்கிற மருத்துவர் என்ன முடிவுக்கு வருவார்? இன்னும் உடம்பு தேறவில்லை, மேலும் ஒரு வாரம் படுக்கட்டும் என்றுதான். கட்டி அடைத்து இறந்தவரின் சாவும் மாரடைப்பின் கணக்கில் சேர்ந்தது. அனுபவத்தைக் கொண்டு இந்தப் பிழையைத் திருத்த வழியே இல்லை, ஏனென்றால் அனுபவம் ஒவ்வொரு நாளும் பிழைக்கே சாட்சி சொன்னது.

விலகி நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி காசநோய் விடுதியில் மார்கஸ் பேட்டர்சன் 1905-க்குப் பின் நோயாளிகளைப் படிப்படியாக வேலைக்குப் பழக்கினார். முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமப்பது, பிறகு சிறிய மண்வாரி, கடைசியில் குந்தாலி வேலை வரை. உழைப்பு ஏன் உதவுகிறது என்று அவர் சொன்ன காரணம் பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் உழைப்பை மருந்துபோல் அளந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் அவரிடம் தெளிவாக இருந்தது. பெரிய மாற்றம் இரண்டாம் உலகப்போரோடு வந்தது. காயம்பட்டவர்கள் குவிந்தார்கள், படுக்கைகள் போதவில்லை, சீக்கிரம் எழுப்பப்பட்டவர்களுக்குக் கேடு எதுவும் நேரவில்லை. 1944-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டாக்கும், 1947-இல் லண்டனின் ரிச்சர்ட் ஆஷரும் படுக்கையின் தீங்குகளைப் பட்டியலிட்டுக் கட்டுரைகள் எழுதினார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் தண்டுவடம் முறிந்த வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். முதல் உலகப்போரில் இப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோயினர். குட்மன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் போடச் செய்தார், கைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், சக்கர நாற்காலியில் விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் உருவானதற்கு அவரே காரணம்.

இதய மருத்துவத்தில் உடைப்பு 1952-இல் வந்தது. பாஸ்டனில் இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு வந்த 81 பேரை ஆரம்ப நாட்களிலேயே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நடக்கவிடவில்லை, உட்காரவைத்தார்கள், அவ்வளவே. அஞ்சியபடி அதனால் கேடு எதுவும் நேரவில்லை. 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் பால் டட்லி ஒயிட். தழும்பு ஆறக் காலம் பிடிக்கும் என்று 1939-இல் காட்டிய ஆய்வில் பங்கெடுத்தவர் அவர். அவரே அதிபர் வேலைக்குத் திரும்பலாம், நடக்கலாம், கோல்ஃப் ஆடலாம் என்றார். அடுத்த ஆண்டே ஐசனோவர் இரண்டாம் முறை தேர்தலில் நின்று வென்றார். தன் கொள்கையின் எல்லையைத் தானே திருத்திக்கொண்ட ஒயிட்டின் மனத்துணிவு பெரிது என்றே நான் கருதுகிறேன்.

நோயுற்றவரை எழுப்புவது ஒன்று, நோய் வராமலே உழைப்பு காக்கும் என்பது வேறொன்று. இரண்டாவதற்கு முதல் பெரும் சான்றைத் தந்தவர் ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். இருவருக்கும் ஊரும் நிறுவனமும் ஒன்று. 1953-இல் வெளியான கணக்கு, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது தள்ளி, கொஞ்சம் மிதமாக வருகிறது என்றது. தபால்காரர்களுக்கும் தபால் துறையின் நாற்காலி ஊழியர்களுக்கும் இடையிலும் அதே வித்தியாசம். இதற்கு எழுந்த மறுப்பு வலுவானது. உடல்வாகு நன்றாக இருப்பவர்தான் கண்டக்டர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அப்படியானால் படிகள் என்ன செய்தன? மோரிஸ் அதை ஒதுக்கவில்லை. சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து, டிரைவர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தார்கள் என்று 1956-இல் தானே வெளியிட்டார். பிறகு எல்லாரும் நாற்காலியில் அமர்ந்தே வேலை செய்யும் அரசு அலுவலர்களை எடுத்துக்கொண்டார். ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்கும்படி உழைப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று 1973-இல் காட்டினார். அப்போதும் சந்தேகத்தின் ஒரு துளி மிஞ்சத்தான் செய்தது. மக்களைப் பின்தொடர்ந்து எண்ணும் ஆய்வுகளால் அதை முழுதாகப் போக்க முடியாது. சோதனை வேண்டும்.

டல்லாஸ் நகரில் 1966-இல் அந்தச் சோதனை நடந்தது. சுமார் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உடல் அதிகபட்சமாக உள்வாங்கும் ஆக்சிஜன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டராக இறங்கியது. நோய் எதுவும் இல்லாத உடலில் கால் பங்குக்கும் மேலான திறனைப் படுக்கை மட்டுமே பறித்தது. அடுத்த சில வாரப் பயிற்சி அதை மீட்டது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். 50 வயதில் அவர்களுடைய திறன், 20 வயதில் படுக்கைக்குப் பின் இருந்ததைவிடக் குறைவாக இல்லை. 30 வருட முதுமை செய்யாததை மூன்று வாரப் படுக்கை செய்திருந்தது. ஐந்தே பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஒரே உடலை அதனுடனேயே ஒப்பிட்டதால், யார் எந்த வேலையைத் தேர்ந்தார்கள் என்ற மறுப்பு இங்கே எழவில்லை.

இந்த வரலாற்றில் சென்னைக்கு உள்ள இடம் சென்னையிலேயே பலருக்குத் தெரியாது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையத்தைத் தொடங்கின. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். வால்லஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, நர்ஸ் கவனிப்போடு இருந்தார்கள். மறு பகுதியினர் நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, தங்கள் வேலைகளைப் பார்த்துக்கொண்டே அதே மாத்திரைகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தபோது, குணமடைந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. வென்றது மாத்திரைதானே, நடமாட்டம் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான், உழைப்பு காசநோயைக் குணமாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மாத்திரை இருக்கும்போது படுக்கை கூடுதலாக எதையும் தரவில்லை என்றே சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் பெரும் பொருட்செலவில் நடந்த சானடோரியங்கள் மூடத் தொடங்கியதற்கு அது ஒரு வலுவான காரணமாயிற்று.

1999-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் படுக்கை ஓய்வைச் சோதித்த 39 ஆய்வுகளைத் திரட்டினார்கள். 15 வகை நிலைமைகள், 5,777 நோயாளிகள். எதிலும் படுக்கை குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை, பலவற்றில் கெடுதலே செய்திருந்தது. அப்படியானால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் அசைகிறோமோ அவ்வளவு நல்லதா? அதற்கு 2015-இல் பதில் கிடைத்தது. பக்கவாதம் வந்த 2,104 பேரைக் கொண்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எழுப்பித் தீவிரமாகப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேரே மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம் பேர் வந்திருந்தார்கள். இதைப் படுக்கைக்குக் கிடைத்த வெற்றியாகக் கொள்ளக் கூடாது, ஏனென்றால் அந்த மற்றப் பிரிவினரும் அநேகமாக ஓரிரு நாளில் எழுந்தவர்கள்தான். பயிற்சிக்கும் அளவு உண்டு, நேரம் உண்டு, மிகுந்தால் பக்கவிளைவு உண்டு என்பதே அதன் பொருள். மாரடைப்புக்குப் பிந்தைய உடற்பயிற்சித் திட்டங்கள் இதய நோயால் நேரும் சாவை 10.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாகக் குறைத்தன என்று 63 ஆய்வுகளின் தொகுப்பு 2016-இல் கணக்கிட்டது. ஒரு மாத்திரை இதே பலனைத் தந்தால் அதைச் சீட்டில் எழுதாத மருத்துவர் இருக்கமாட்டார். ஆனால் நம் ஊரில் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்கு வேளையும் அளவும் இருக்கின்றன, உடலுக்கோ “ரெஸ்ட் எடுக்கவும்” என்ற ஒரே வரிதான். அந்த வரியோடு வீடு திரும்பாதீர்கள். எந்த நாளிலிருந்து நடக்கலாம், எத்தனை நிமிடம், வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும், பிசியோதெரபிஸ்டை எப்போது பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.