தம்புன் மலையின் சிவப்பு ஓவியங்கள்: எண்ணிப் பார்த்தபோது தெரிந்தவை



தைப்பூசத்துக்குக் கல்லுமலை போகிற நமக்குச் சுண்ணாம்புக்கல் மலைகள் புதிதல்ல. ஆனா ஈப்போ பக்கத்திலேயே, தம்புனில், எழுத்தறியாக் காலத்து மனிதர்கள் வரைந்த பாறை ஓவியங்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இவை செதுக்கியவை அல்ல. இரும்புச்சத்துள்ள செங்காவிக் கல்லால் மலைமுகத்தில் தீட்டியவை. மானும் இருக்கு, மனித உருவங்களும் இருக்கு. ஒரு உருவத்தைக் கடற்பசு என்பாரும் உண்டு. 1959இல் கூர்க்கா படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ராலிங்ஸ் இவற்றைக் கண்டு சொன்னார். ஐம்பது வருஷம் கழித்து, 2009இல், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நோயல் ஹிடால்கோ டானும் ஸ்டீபன் சியாவும் பாறையைப் பகுதி பகுதியாகப் பார்த்துப் பதிவு செய்தார்கள். 600க்கும் மேற்பட்ட உருவங்கள் தேறின! மலை அதேதான், பார்த்த விதம்தான் வேற.

பதிவு என்றால் சும்மா படம் எடுப்பது இல்லை. பக்கத்தில் அளவுகோல் வைக்கணும், இடத்தைக் குறிக்கணும். எந்த ஓவியத்தின் மேல் எந்த ஓவியம் ஏறியிருக்கு என்று பார்த்தால்தான் முந்தியது எது, பிந்தியது எது என்று தெரியும்.

விளக்கம் சொல்வது அதற்குப் பிறகுதான். விழுப்புரம் கீழ்வாலையிலும் சிவப்புப் பாறை ஓவியம் இருக்கு. அதனால தம்புனும் தமிழர் வரைந்தது என்று பகிர்ந்துவிடலாமா? கூடாது. செங்காவியை உலகம் முழுக்கப் பழங்கால மக்கள் பயன்படுத்தினார்கள். நிறம் ஒன்று என்பதால் இனமும் ஒன்று ஆகாது. இதே பேராக்கில், லெங்கோங் குகைகளில் கரியால் வரைந்த படங்களும் உண்டு. அவை ஒராங் அஸ்லி மக்களின் கைவண்ணம். மண்ணின் மூத்த குடிகளுக்கு உரிய பெருமையை நாம் எடுத்துக்கொள்ள வேணாம்.

நமக்கென்று செய்ய வேண்டிய வேலை வேற இருக்கு. தோட்டத் துண்டாடலில் எத்தனை லயங்கள் போயின! பால்மரக் காட்டுக் கோயில்களின் உபயக் கல், அடிக்கல், நம் முன்னோரின் கல்லறைக் கல், இவற்றில் ஊரும் பேரும் வருஷமும் தமிழிலேயே பொறித்திருக்கு. நிலம் கைமாறினால் அதுவும் போச்சு.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய கல்லைக் கண்டால் உடனே எண்ணெய், மஞ்சள் பூசாதீங்க. சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தடவாதீங்க. முதலில் அளவோடு படம் எடுங்க. இடம், தேதி, எழுத்து எல்லாவற்றையும் உள்ளபடி குறிச்சு வைங்க. பூசை எப்போதும் செய்யலாம். அழிந்த எழுத்து திரும்ப வராது.