தென்னாப்பிரிக்க எல்லையில் இரு பெற்றோரின் சம்மதம்

தென்னாப்பிரிக்காவின் ரோமன்-டச்சுச் சட்ட மரபில், மணவாழ்வில் பிறந்த குழந்தையின் காப்பாளர் உரிமையில் தந்தையின் சொல்லே மேலோங்கியிருந்தது. 1993-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் தாய்க்கும் அதே உரிமையை வழங்கியது. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கவும், குழந்தையை நாட்டுக்கு வெளியே அழைத்துச் செல்லவும் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றானது. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டமும் இதைத் தொடர்ந்தது. பெற்றோரில் ஒருவர் கடத்திச் சென்ற குழந்தையை மீட்பதற்கான 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை 1997 முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

ஆனால் விமான நிலையத்தில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டும் விசாவும் போதுமானவையாக இருந்தன. சம்மதத்துக்குச் சான்று கேட்பது அரிது.

2015 ஜூன் 1 அன்று இந்நிலை மாறியது. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்காக, 18 வயதுக்குட்பட்ட பயணிகள் அனைவரும் பெற்றோர் இருவரின் விவரங்களும் அடங்கிய முழுப் பிறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று உள்துறை விதித்தது. தாயோ தந்தையோ தனியாக அழைத்துச் சென்றால், மற்றவரின் சம்மதத்தைக் கூறும் பிரமாணப் பத்திரம் தேவை. அது இல்லாவிட்டால் முழுப் பொறுப்பையும் தமக்கே அளித்த நீதிமன்ற ஆணையையோ, மற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழையோ காட்ட வேண்டும்.

நோக்கம் நியாயமானது; சுமைதான் சமமாக விழவில்லை. பல குடும்பங்களிடம் இருந்தது தந்தையின் விவரம் இல்லாத சுருக்கச் சான்றிதழே. முழுச் சான்றிதழுக்குப் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. எங்கிருக்கிறார் என்றே தெரியாத கணவரின் கையெழுத்தைப் பெற முடியாத தாய், விடுமுறைப் பயணத்துக்கும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தாய்க்குச் சம உரிமை தந்த அதே சம்மத விதி, தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்குத் தடையாக நின்றது கொடுமை. சான்றிதழில் தந்தை பெயரே இல்லாதவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் எழவில்லை.

வெளிநாட்டினருக்கும் இதே விதி பொருந்தியது. ஆவணம் குறைந்தவர்களை விமான நிறுவனங்கள் புறப்படும் இடத்திலேயே திருப்பி அனுப்பின. சுற்றுலாத் துறையின் எதிர்ப்பை அடுத்து, அன்றைய துணை அதிபர் சிரில் ராமபோசா தலைமையிலான அமைச்சர் குழு 2015-இலேயே தளர்வுகளைப் பரிந்துரைத்தது. 2018-இல் விதி எளிதாக்கப்பட்டது. 2019 நவம்பரில், பெற்றோருடன் வரும் வெளிநாட்டுக் குழந்தைகள் பிறப்புச் சான்றிதழைக் காட்டத் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்கக் குழந்தைகளின் பாஸ்போர்ட்டிலேயே பெற்றோர் விவரங்களை அச்சிடும் வழக்கமும் வந்தது. தனியாக அழைத்துச் செல்பவர் மற்றவரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி மட்டும் அவர்களுக்கு நீடித்தது.