ப்ரோம்டனுக்குக் காது கேட்கும்

செஞ்சியில் தோழர்களுக்கு ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ படத்தைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் எல்லோரும் மெக்மர்ஃபியைப் பற்றியே பேசினார்கள். ஜாக் நிக்கல்சன் நடிப்பு அப்படி. எனக்கு ஓரத்தில் துடைப்பத்தோடு நிற்கும் ப்ரோம்டனைப் பற்றிப் பேச வேண்டும்.

1962இல் கென் கேசி எழுதிய மூல நாவலில் கதையைச் சொல்பவரே அவர்தான். அமெரிக்கப் பூர்வகுடி. கொலம்பியா ஆற்றில் அணை கட்டுவதற்காக அவர் மக்களின் ஊரும் மீன்பிடித்த அருவியும் பறிபோகின்றன. மனநல மருத்துவமனையில் அவரைக் காது கேளாதவர், வாய் பேசாதவர் என்றே நினைக்கிறார்கள். அந்த நடிப்பை அவர் தொடங்கவில்லை. சிறுவயதில் அவர் பேசியும் கேட்காததுபோல் இருந்தவர்கள்தான் தொடங்கிவைத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் எட்ட நின்ற நம் தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1975இல் மிலோஸ் ஃபோர்மன் படமாக்கியபோது கதைசொல்லி இடம் ப்ரோம்டனிடமிருந்து போய்விட்டது. கேசிக்கு அதில் கோபம். படம் 5 ஆஸ்கர் வாங்கியது.

இனி நம் வரலாறு. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கின் தலைப்பில் இன்றும் 25 என்றுதான் இருக்கிறது. எண்ணிக்கையில்கூட முழுதாக வரவில்லை அவர்கள். தர்காவில் குணமாகும் என்று நம்பி எல்லா மதத்தவரும் அங்கே வந்தார்கள். மூடநம்பிக்கை என்று திட்டுவது சுலபம், அரசு மருத்துவமனை எத்தனை மைல் தள்ளி இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமம் இல்லாமல் இப்படி இல்லம் நடத்தக் கூடாது என்று 1987 சட்டம் அன்றே சொல்லியிருந்தது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடைசெய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதையும், அதாவது படத்தில் நாம் பார்த்ததையும், தடைசெய்கிறது.

ஆனால் 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் என்ன நடந்தது? அங்கிருந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடி உதை, பாலியல் வன்கொடுமை என்று புகார்கள் வந்தன. உள்ளே இருந்தவர்கள் அதற்கு முன்பு யாரிடமுமே சொல்லாமலா இருந்திருப்பார்கள்? பைத்தியம் உளறுகிறது என்று போயிருப்பார்கள்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி இல்லம் இருந்தால் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பிறகு, நடத்துபவர் பக்கத்தில் இல்லாதபோது, உள்ளே இருப்பவர்களிடம் பேசுங்கள்.