கை ஓயாத வேலை: உழைப்பும் உடற்பயிற்சியும்

1980-களின் பிற்பாதியில், அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள தேசியக் காது கேளாதோர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு நெருக்கடி மூண்டது. பேராசிரியர் பேசப் பேச அதைச் சைகை மொழியில் மாணவர்களுக்கு மாற்றித் தந்துகொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவலிக்கு ஆளானார்கள். மணிக்கட்டில் குத்தல், முன்கையில் எரிச்சல், விரல்கள் மரத்துப்போதல், தோள்பட்டை இறுக்கம் எனப் புகார்கள் பெருகின. இவர்கள் மூட்டை சுமந்தவர்கள் அல்லர். இயந்திரம் ஓட்டியவர்களும் அல்லர். அவர்கள் தூக்கியதெல்லாம் தங்கள் கைகளைத்தான்.

நாள் முழுக்கக் கை அசைக்கும் இவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி தேவையா? தேவையில்லை என்பது பொதுவான நினைப்பு. கொத்தனாரைப் பற்றியும், நாற்று நடும் பெண்களைப் பற்றியும், நின்றபடியே வேலை செய்யும் செவிலியரைப் பற்றியும் இதையேதான் சொல்கிறோம்: வேலையே பயிற்சிதானே. மருத்துவ உலகில் இதற்கு நேர் எதிரான ஒரு கருத்தும் உண்டு. வேலை வேறு, பயிற்சி வேறு, இரண்டையும் சேர்த்து எண்ணக்கூடாது என்பார்கள். இரு தரப்பும் உடல் எவ்வளவு அசைகிறது என்பதை மட்டுமே பார்க்கின்றன. எவ்வளவு அசைகிறது என்பதைவிட, எப்போது நிறுத்தலாம், எந்த வேகத்தில் செய்யலாம், இடையில் உடல் மீள்வதற்கு நேரம் உண்டா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேலையே பயிற்சி என்பவர்களுக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 31,000 ஆண்களின் இதய நோய்க் கணக்கு அது. இரட்டை மாடிப் பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே புகையைச் சுவாசித்தார்கள். ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஓட்டுநர் பணிநேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் தாமதமாக வந்தது. முதல் தாக்குதலிலேயே உயிர் போவது ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது.

மோரிஸின் நேர்மை பாராட்டத்தக்கது. தன் முடிவைத் தானே கேள்விக்குள்ளாக்கினார். அவரும் சக ஆய்வாளர்களும் 1956-இல் ஊழியர்களின் சீருடை அளவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நடத்துநர்களைவிட ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு இளம் வயதிலேயே கூடுதலாக இருந்தது. அப்படியானால் வேலை ஆளை மாற்றியதா, ஆளுக்கேற்ற வேலை அமைந்ததா? உழைப்புக்கும் உடல்நலத்துக்கும் முடிச்சுப்போடும் எந்த ஆய்வையும் இந்தக் கேள்வி இன்றுவரை விடுவதில்லை.

1975-இல் ரால்ஃப் பாஃபென்பார்கர் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகளை வெளியிட்டார். கடும் சுமை தூக்கியவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. அவர் குறிப்பிட்ட ஒரு விவரம் இங்கே முக்கியமானது. பாதுகாப்பைத் தந்தது இடைவிடாத உழைப்பு அன்று. திரும்பத் திரும்பச் சிறு பொழுதுகளில் பீறிட்டு எழுந்த கடும் உழைப்பு. நடத்துநரின் வேலையிலும் அதே தாளம்தான். மாடி ஏறுவார், நின்று சீட்டு கொடுப்பார், இறங்குவார், அடுத்த நிறுத்தத்தில் ஆள் ஏறும்வரை சற்று நிற்பார். பெரிய தசைகள் வேலை செய்தன, இதயத் துடிப்பு ஏறியது, பிறகு இறங்கியது. பயிற்சியாளர் ஒருவர் வகுத்துக் கொடுத்ததுபோல அமைந்துவிட்ட வேலை அது.

சைகை மொழிபெயர்ப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். உடல் செலவிடும் ஆற்றலை அளக்க ஆய்வாளர்கள் மெட் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். 3 மெட்டிலிருந்து மிதமான உழைப்பு. 6-ஐ எட்டினால் கடும் உழைப்பு. விரைந்து நடந்தாலே 3 மெட்டைத் தாண்டிவிடலாம். நின்றோ உட்கார்ந்தோ கைகளை மட்டும் அசைக்கும் வேலைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. வேலை முடியும்போது வரும் களைப்பு உண்மையானதே. ஆனால் இதயமும் நுரையீரலும் வலுப்பெறும் அளவுக்கு அவற்றுக்கு வேலை கிடைக்கவில்லை. தொடைத் தசைகளுக்கோ ஏறக்குறைய எதுவுமே கிடைக்கவில்லை.

கைகளுக்குக் கிடைப்பதோ அளவுக்கு மிஞ்சியது. மொழிபெயர்ப்பவரின் கைகள் உச்சந்தலைக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட வெளியில் உலவுகின்றன. முழங்கை மடிந்து, முன்கை அந்தரத்தில் நிற்க, மணிக்கட்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வளைய, பத்து விரல்களும் தனித்தனி வடிவம் எடுக்கின்றன. பெயர்களையும் கலைச்சொற்களையும் எழுத்தெழுத்தாகக் காட்டும்போது விரல்களின் வேகம் இன்னும் கூடுகிறது. பேச்சாளர் ஒரு கணம் தயங்கினால்கூடப் பலர் கைகளைத் தொங்கவிடுவதில்லை. அடுத்த சொல்லை எதிர்பார்த்துக் கைகள் மார்புக்கு நேரே காத்திருக்கின்றன. பார்ப்பவருக்கு அது ஓய்வு போலத் தெரியும். தோள்பட்டைத் தசைகள் அப்போதும் சுருங்கியேதான் இருக்கின்றன. அப்படி அசையாமல் சுருங்கி நிற்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவிட்டாலும் காலால் செய்யும் வேலையைவிடக் கையால் செய்யும் வேலை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூடுதலாக உயர்த்துகிறது என்பதும் உடலியலார் நன்கறிந்தது.

ரோச்செஸ்டர் நெருக்கடிக்குப் பிறகு மைக்கேல் ஃபாயர்ஸ்டீனும் தாமஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் தவிர்க்க முடியாதது. வலியோடு வேலை செய்பவர்களையும் வலியில்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லாரும் செய்தது ஒரே தொழில். வேறுபாடு செய்த விதத்தில் இருந்தது. வலி உள்ளவர்கள் குறைவாகவே கைகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மணிக்கட்டை இயல்பு நிலையிலிருந்து அடிக்கடி வளைத்தார்கள். உடலுக்கு அருகிலுள்ள வசதியான வெளியைத் தாண்டிக் கைகளை அதிகம் நீட்டினார்கள். விரல்களையும் கைகளையும் வேகமாக அசைக்கும் போக்கும் அவர்களிடம் தெரிந்தது. பிற்காலத்தில் அதே நகரில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பேச்சின் வேகம் கூடினால் மட்டுமன்றி, மன அழுத்தம் கூடினாலும் மணிக்கட்டின் வேகம் ஏறுகிறது. காதில் ஒரு மொழியைக் கேட்டு, பொருளை மனத்தில் வைத்து, வேறோர் இலக்கணத்தில் கையால் வெளியிடும் வேலை இது. மூளையின் சுமை மணிக்கட்டில் இறங்குவதை ஆய்வுக்கூடத்திலேயே அளக்க முடிந்திருக்கிறது.

உடற்பயிற்சிக்கு 1985-இல் காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் ஆகிய மூவரும் தந்த வரையறையையே ஆய்வுலகம் இன்றும் கையாள்கிறது. தசைகள் ஆற்றலைச் செலவிட்டு உடலை அசைப்பதெல்லாம் உடல் இயக்கம். அதில் திட்டமிட்டு, ஒழுங்கமைத்து, திரும்பத் திரும்ப, உடல் தகுதியை வளர்க்கும் நோக்கத்தோடு செய்யப்படுவது மட்டுமே உடற்பயிற்சி. நோக்கத்தை எல்லைக்கோடாக வைத்தது ஆய்வாளருக்கு வசதி. ஆனால் லண்டன் நடத்துநர் அந்த நோக்கத்தோடு படி ஏறவில்லை. இருந்தும் அவர் இதயம் பலன் பெற்றது. வரையறையில் நோக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திட்டமிடலைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி செய்பவர் இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு, எந்த நாள் ஓய்வு என்று முடிவு செய்கிறார். வலித்தால் நிறுத்துகிறார். சைகை மொழிபெயர்ப்பாளரால் பேச்சாளரின் வாயை நிறுத்த முடியாது.

கோபன்ஹேகனில் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். ஓய்வுநேர உடல் இயக்கம் இதயத்துக்கு நன்மை செய்ய, தொழில்சார் மிகுந்த உடலுழைப்பு தீமையோடு சேர்ந்து வரும் முரணை அவர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். 2021-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டென்மார்க் மக்களைக் கொண்ட அவர் குழுவின் ஆய்வு அதையே மீண்டும் காட்டியது. காரணங்களாக அவர் முன்வைப்பவற்றில் சில: தொழில் உழைப்பு உடல் தகுதியை வளர்க்கப் போதாத அளவுக்குத் தீவிரம் குறைந்தது, ஆனால் மிக நீண்டது, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நாள் முழுக்க உயர்த்தி வைக்கிறது, மீட்சிக்கு நேரமில்லை, வேகம் உழைப்பவர் கையில் இல்லை.

இதை அப்படியே ஏற்பதில் தயக்கம் நியாயமானதே. அதே 2021-இல் நார்வேயின் 4,37,378 பேரைக் கொண்ட ஆய்வு, கல்வி, புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கில் எடுத்தபின், உடலுழைப்பு வேலையிலிருந்த ஆண்கள் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிடக் குறைந்த ஆயுள் பெற்றதாகக் காட்டவில்லை. சற்றுக் கூடுதல் ஆயுளே தெரிந்தது. கடும் உழைப்பு செய்பவர் பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர் என்பதால், வறுமையின் தீங்கு உழைப்பின் தலையில் ஏறிவிடும் வாய்ப்பு உண்டு. இந்த இரு ஆய்வுகளையும் ஒன்றுக்கொன்று பகையாக வைக்க வேண்டியதில்லை. உழைப்பு என்ற ஒரே பெயரின்கீழ் படியேறும் நடத்துநரையும் கை ஓயாத மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தால், முடிவுகள் முரண்படுவது இயல்பு.

2007-இல் அலியா கிரம்மும் எல்லன் லாங்கரும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு வழியைத் திறந்தது. விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் 84 பெண்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், உங்கள் வேலையே நல்ல உடற்பயிற்சி என்று விளக்கினார்கள். 4 வாரங்களில் அவர்களின் எடையும் ரத்த அழுத்தமும் குறைந்தன என்றது ஆய்வு. உழைப்பவருக்குத் தன் உழைப்பின் மதிப்பைச் சொல்வது நல்லதுதான். ஆனால் நினைப்பை மாற்றினால் போதும் என்ற முடிவுக்கு இதை இழுத்துச் செல்வது ஆபத்து. தேய்ந்த தசைநாண் நினைப்பால் ஆறாது. வேலையே பயிற்சி என்ற சொல் முதலாளியின் வாயிலிருந்து வரும்போது, இடைவேளை கேட்பவரின் வாயை அடைக்கும் சொல்லாகவும் அது மாறக்கூடும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கேள்வியில் நேரடிப் பங்கு உண்டு. சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் கேட்டதில், தமிழ்நாட்டில் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஓய்வுநேர உடல் இயக்கம் எதுவுமே இல்லை என்றார்கள். இங்கே உடல் அசைவதெல்லாம் பெரும்பாலும் வேலையில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் வேலையில் செலவான நிமிடங்களையும் விளையாட்டில் செலவான நிமிடங்களையும் ஒரே கூடையில் போட்டுக் கூட்டுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை நாற்று நடும் பெண் இரண்டே நாளில் தாண்டிவிடுவார். அவருடைய முதுகுவலி அந்தக் கூட்டலில் எங்கும் வராது.

2023 செப்டம்பரில் இந்திய உச்சநீதிமன்றத்தில் காது கேளாத வழக்கறிஞர் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு காணொலியில் தோன்றினார். நீதித்துறைக்குப் பெருமை சேர்த்த நாள் அது. மொழிபெயர்ப்பாளரின் வேகம் வியக்க வைக்கிறது என்று அங்கேயே பாராட்டும் எழுந்தது. பாராட்டு மனப்பூர்வமானது; ஆனாலும் ரோச்செஸ்டர் ஆய்வுகள் காயத்தோடு சேர்த்துப் பார்த்தது அந்த வேகத்தைத்தான். நீதிமன்றங்களும் கல்லூரிகளும் தொலைக்காட்சிகளும் இந்தச் சேவையை விரிவாக்கும் இந்தக் காலத்தில், ஒப்பந்தத்திலேயே சில ஏற்பாடுகள் இடம்பெற வேண்டும். நீண்ட அமர்வுக்கு இருவரை அமர்த்தி, ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் நிலைபெற்றுவிட்டது. பேச்சின் உரையை முந்தைய நாளே கொடுத்துவிட்டால் மன அழுத்தமும், அதன் வழியே மணிக்கட்டின் சுமையும் குறையும். கைகளைத் தளர்த்தி ஆயத்தமாகும் நிமிடங்கள் ஊதியம் பெறும் நேரத்துக்குள் வர வேண்டும். டெல்லியில் 2015-இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தில் பயில்பவர்களுக்கு, கைகளை எங்கே தாழ்த்தி ஓய்வு கொடுப்பது என்பது முதல் பருவத்திலேயே கைவர வேண்டிய பாடம். மாலை நடையும் தோள்பட்டையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேலைக்கு வெளியே தனியாக வேண்டும். அதற்கான தெம்பும் நேரமும் மிஞ்சும்படி வேலையை வகுப்பது அமர்த்துபவரின் கடமை.